பிலிப்பினோ நர்ஸ்கள் பற்றிக் கேட்ட தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நைட் டியூட்டி முடிந்து வந்து உன் கடிதத்தைப் படித்தேன். இங்கிலாந்துக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது, இன்னும் மூன்று வாரத்தில் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, வார்டில் பாதிப் பேர் பிலிப்பினோ, எந்த வேலை வந்தாலும் பதறாமல் செய்கிறார்கள், தங்களுக்குள் அவர்கள் மொழியான தகலோக்கில் பேசிச் சிரிக்கிறார்கள், நான் மட்டும் ஓரமாக நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். "அவங்களுக்கு மட்டும் எப்படி அக்கா இது கைவந்தது? என் தங்கச்சி பிளஸ் டூ முடிக்கிறா, அவளைப் பிலிப்பைன்சுக்கே அனுப்பிப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அங்கே நர்சிங் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது, அரசு நடத்தும் லைசென்ஸ் தேர்வில் தேற வேண்டும். அவர்களுடைய 2002-ஆம் வருட நர்சிங் சட்டத்தின்படி, வெளிநாட்டவரில், பிலிப்பினோ நர்ஸ்களைத் தன் நாட்டில் அதே நிபந்தனையில் வேலை செய்ய விடும் நாட்டின் குடிமக்கள்தான் அந்தத் தேர்வை எழுதலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் நம் ஊரிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி., அங்கே படித்தவர், நம் ஊரில் படித்தவர் இரண்டு பேரையும் ஒரே வாசல் வழியாகத்தான் விடுகிறது: ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அப்புறம் ஓஸ்கி. விமான டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் போகும் பணத்தில் உன் தங்கச்சிக்கு நல்ல ஆங்கிலப் பயிற்சி கிடைத்துவிடும்.

இனி முதல் கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இந்த நாட்டில் நிலைத்து நின்றதே ஒரு பிலிப்பினோ அக்காவால்தான்.

நான் 2003-ல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தேன். அப்போது ஓஸ்கி கிடையாது. 'அடாப்டேஷன்' என்று சில மாதம் மேற்பார்வையில் வேலை பார்த்து, கையெழுத்து வாங்கினால்தான் பின் நம்பர், அதாவது நர்ஸ் பதிவு எண். என்னைக் கூட்டி வந்த ஏஜென்சி ஒரு மாதத்தில் அடாப்டேஷன் ஆரம்பிக்கும் என்று சொல்லி, கடலோர ஊர் ஒன்றில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டது. பத்து மாதம் ஆயிற்று, ஆரம்பிக்கவே இல்லை. கேர் அசிஸ்டென்ட் சம்பளத்தில், கேர் அசிஸ்டென்ட் வேலை. ஊரில் அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. போனில் அழுதால் அம்மா பயந்துவிடுவாள் என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

அங்கே பிலிப்பைன்சின் இலோய்லோவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். எல்லோரும் அவரை 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். தகலோக்கில் ஆத்தே என்றால் அக்கா, கூயா என்றால் அண்ணன். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்மைப் போலவேதான். மரியாதைக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் 'போ' சேர்ப்பார்கள். "சலாமத் போ" என்றால் 'நன்றிங்க'. முதல் தடவை கேட்டபோது என்னைப் போகச் சொல்கிறார்களோ என்று திகைத்து நின்றேன்.

அந்த ஆத்தே ஒரு நாள் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தன் டப்பாவிலிருந்து பாதிச் சோற்றை என் தட்டில் தள்ளினார். அப்புறம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நீல அட்டை, ஓரமெல்லாம் சுருண்டு போன நோட்டு. எந்த ஊரில் எந்த மருத்துவமனை அடாப்டேஷனுக்கு ஆள் எடுக்கிறது, யாரைக் கேட்க வேண்டும், எங்கே கையெழுத்துப் போட இழுத்தடிக்கிறார்கள், எல்லாம் அதில் பொடி எழுத்தில் இருந்தது. அவர் தனியாக எழுதியதில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு கபாயனும், அதாவது அவர்கள் நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும், சொன்னதைச் சேர்த்து வைத்திருந்தார். என்னை யூனியனில் சேர வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கடிதம் எழுத வைத்தார். அதிலிருந்து நான்காவது மாதம் வேறொரு மருத்துவமனையில் எனக்கு அடாப்டேஷன் கிடைத்தது.

நீ 'கைவந்தது' என்கிறாயே, அதன் பெரும்பகுதி அந்த நோட்டுதான். ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

அமெரிக்கா அந்தத் தீவுகளை ஆண்ட காலத்தில், 1906-ல், இலோய்லோ மிஷன் மருத்துவமனையில் முதல் நர்சிங் பள்ளி தொடங்கியது. பாடம் ஆங்கிலத்தில், முறையும் அமெரிக்க முறை. 1948-க்குப் பிறகு பயிற்சிப் பரிமாற்றம் என்ற பெயரில் இரண்டு வருட விசாவில் நர்ஸ்களை அமெரிக்கா கூட்டிக்கொண்டது. 1965-ல் அங்கே குடியேற்றச் சட்டம் மாறியதும் நிரந்தரமாகவே போக வழி திறந்தது. எழுபதுகளில் மார்க்கோஸ் அரசு வெளிநாட்டு வேலையை நாட்டின் கொள்கையாகவே ஆக்கியது, வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகிய நேரம் அது. அதிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் ஒரு நர்சிங் கல்லூரி, ஒவ்வொரு குடும்பத்திலும் 'எங்கள் வீட்டு நர்ஸ்' என்ற கனவு.

படிப்பு நான்கு வருடம், வார்டு டியூட்டியோடு சேர்த்து. அதற்கப்புறம் லைசென்ஸ் தேர்வு, 'போர்டு' என்று சொல்வார்கள். இரண்டு நாள், ஐந்து பகுதி, 500 கேள்வி. சராசரி 75 வேண்டும், எந்தப் பகுதியிலும் 60-க்குக் கீழே போகக் கூடாது. இதற்காகவே பட்டம் வாங்கிய பிறகு மாதக்கணக்கில் ரெவ்யூ சென்டரில் உட்கார்ந்து படிப்பார்கள். என் ஆத்தே தேர்வுக்குக் கொண்டுபோன பென்சில்களை சர்ச்சில் வைத்து ஆசி வாங்கினாராம். நம்மூரில் ஹால் டிக்கெட்டைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுப்பது நினைவுக்கு வந்தது. முதல் பத்து இடம் பிடித்தவர்கள் பெயரை அரசே வெளியிடும். பிள்ளை தேறியதும் வீட்டு வாசலில் படத்தோடு பேனர் தொங்கும், நம்மூர் ஃப்ளெக்ஸ் மாதிரியே.

ஓஸ்கி அறையில் அவர்கள் ஏன் தடுமாறுவதில்லை என்றால், செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து பழகியவர்கள். நமக்கு வேலை தெரியும், சொல்லித்தான் பழக்கமில்லை. கையைத் துடைப்போம், துடைக்கிறேன் என்று சொல்ல மாட்டோம். அலர்ஜி கட்டத்தைக் கண்ணால் பார்ப்போம், "உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்க மறப்போம். அங்கேதான் மார்க் போகிறது.

இன்னொன்று, நீ பார்ப்பவர்களில் நிறையப் பேருக்கு இது முதல் வெளிநாடு இல்லை. ரியாத், ஜெட்டா, துபாய் என்று ஐந்து வருடம், எட்டு வருடம் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்தப் பதறாமை அங்கே சம்பாதித்தது. வேலை நெருக்கும் டியூட்டியை அவர்கள் 'டாக்ஸிக்' என்பார்கள், அமைதியான டியூட்டி 'பினைன்'. உன் காதிலும் விழுந்திருக்கும். "டாக்ஸிக் டுடே" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவளின் பிள்ளை இரண்டாம் வகுப்பில் பாட்டி வீட்டில் இருக்கும், அவளே இரண்டு வருடமாகப் பார்த்திருக்க மாட்டாள்.

அவர்கள் வீட்டுக்குப் போனால் ஹாலின் மூலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருக்கும், பாலிக்பாயன் பெட்டி. சம்பளம் வரும்போதெல்லாம் அதில் ஏதாவது சேரும்: சோப்பு, டூத்பேஸ்ட், டின்னில் அடைத்த கறி, சாக்லேட், பிள்ளைக்கு ஷூ. பெட்டி நிறைந்ததும் டேப் சுற்றிக் கப்பலில் அனுப்புவார்கள், போய்ச் சேர மாதங்கள் ஆகும். ஆத்தே ஒருமுறை மகனின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பச் சொல்லி, அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துப் போய் ஷூ வாங்கினார். "பெட்டி போய்ச் சேருவதற்குள் கால் வளர்ந்துவிடும்" என்று ஒரு சைஸ் கூட்டியே வாங்கினார். இருபது வருடம் ஆகிறது, அந்தத் தாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த நாடு இதற்குக் கொடுத்த விலையையும் தெரிந்துகொள். இரண்டாயிரத்துக்குப் பிறகு அமெரிக்கக் கதவு அகலத் திறந்தபோது, அங்கே டாக்டர்களே திரும்பக் கல்லூரியில் சேர்ந்து நர்சிங் படித்தார்கள். கல்லூரிகள் 400-ஐத் தாண்டின, பல இடங்களில் தரம் விழுந்தது. 2006 ஜூன் போர்டு தேர்வில் கேள்விகள் கசிந்து, அந்தத் தடவை தேறியவர்கள் இரண்டு பகுதிகளைத் திரும்ப எழுதினால்தான் அமெரிக்க விசாவுக்கான சான்று என்றாகிவிட்டது. ஒரு தப்பும் செய்யாத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அப்புறம் அமெரிக்கக் கதவும் சுருங்கியது. லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் கால் சென்டரில் வேலை பார்த்தார்கள். அனுபவச் சான்றுக்காகச் சம்பளமில்லாமல், சில இடங்களில் மருத்துவமனைக்கே பணம் கட்டி, 'வாலண்டியர்' நர்சாக நின்றார்கள். கடன் வாங்கி நர்சிங் சேரும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். உன் தங்கச்சிக்கு நர்சிங் பிடித்திருந்தால் சேரட்டும். விசாவுக்காக மட்டும் சேர்வதாக இருந்தால் அவளோடு உட்கார்ந்து பேசு.

கொரோனாவையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் நர்ஸ்களில் நூற்றுக்கு நான்கு பேர்தான் பிலிப்பினோ. ஆனால் 2020 செப்டம்பர் வரை கொரோனாவில் இறந்த நர்ஸ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அவர்கள் என்று அந்நாட்டு நர்ஸ் சங்கம் கணக்கெடுத்தது. ஐ.சி.யு.விலும் மெடிக்கல் வார்டிலும் முன்னால் நின்றவர்கள் அவர்கள். அதே வருடம் டிசம்பர் 8-ஆம் தேதி இங்கே இங்கிலாந்தில் கவென்ட்ரியில், சோதனைக்கு வெளியே உலகின் முதல் ஃபைசர் தடுப்பூசியை ஒரு மூதாட்டிக்குப் போட்டவர் மே பார்சன்ஸ் என்ற பிலிப்பினோ நர்ஸ். அன்று டீ ரூம் டி.வி. முன்னால் எங்கள் வார்டுப் பிலிப்பினோக்கள் எல்லோரும் நின்று அழுதார்கள். நானும் அவர்களோடு நின்றேன்.

சரி, நீ செய்ய வேண்டியதுக்கு வருகிறேன்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பதும், தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வதும். நம் ஆட்களில் சிலர் ஓஸ்கி தேறிய பிறகு எந்த ஸ்டேஷன், அதாவது எந்தச் செய்முறைக் கட்டம், வந்தது, எப்படித் தயாரானோம் என்று பேசவே மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை நீ விட்டுவிடு. உன் வார்டில் போன வருடம் தேறிய ஒரு பிலிப்பினோவிடம் நேராகப் போய், "பத்து ஸ்டேஷனையும் ஒருமுறை என்னோடு செய்து பார்க்கிறீர்களா?" என்று கேள். மறுக்க மாட்டார்கள். தலையணையை நோயாளியாக வைத்து, டைமர் போட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகு. எழுத்தில் மட்டும் பதில் தரும் ஸ்டேஷன்களைக் கடைசி நாளுக்குத் தள்ளாதே.

எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்றும் இருக்கிறது. அவர்களிடம் 'ஹியா' என்று ஒரு சொல் உண்டு, கூச்சம், நாணம், முகம் கோணக் கூடாது என்ற தயக்கம் எல்லாம் அதில் அடக்கம். அதனால் பலர் மேலே இருப்பவரிடம் முறையிட மாட்டார்கள். என் வார்டிலேயே பதினைந்து வருடமாக பேண்ட் 5-ல், அதாவது நர்சின் ஆரம்பச் சம்பளப் படியிலேயே, இருக்கிற கூயா ஒருவர் இருக்கிறார், நேற்று வந்த டாக்டர்கள் அவரிடம்தான் கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த படிக்கு விண்ணப்பம் போடச் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவார். எனக்கு அது பெரிய வருத்தம். நீ பின் நம்பர் வந்து ஒன்றரை, இரண்டு வருடத்தில் பேண்ட் 6-க்கு எழுது. ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் பணம் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பகுதியை இன்றைக்கே எடுத்துப் படி. அந்தத் தொகை உண்மையான செலவுக்கு ஏற்றதாக, காலம் போகப் போகக் குறைவதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யூனியனிடம் காட்டு. நர்ஸிடம் வேலைக்காகக் கமிஷன் வாங்க இந்த நாட்டு விதி இடம் தரவில்லை, யாராவது உன்னிடம் வாங்கியிருந்தால் அதையும் சொல்.

தகலோக்கில் பேசுவது பற்றிச் சொன்னாய். அது உன்னைப் பற்றிய பேச்சாக இருக்காது, பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியோ வீட்டைப் பற்றியோதான். ஆனால் நோயாளி முன்னாலும், டியூட்டி மாறும்போது விவரம் ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவரிலும் ஆங்கிலம்தான் முறை. அங்கே உனக்குப் புரியாமல் போனால் "ஆத்தே, எனக்கும் சொல்லுங்க" என்று கேட்டுவிடு. ஆத்தே என்று கூப்பிட்ட உடனே அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பாய்.

நாளைக்கு பிரேக்கில் உன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் மேசைக்குப் போ. எலுமிச்சைச் சோறோ தேங்காய்ச் சோறோ கொஞ்சம் கூடுதலாகக் கட்டு, மிளகாயைக் குறைத்துப் போடு. நாம் 'சாப்பிட்டியா?' என்று கேட்கிற மாதிரி அவர்கள் "குமாயின் கா னா?" என்று கேட்பார்கள். "ஹிந்தி பா" என்று சொல். இன்னும் இல்லை என்று அர்த்தம். நாற்காலியை இழுத்துப் போடுவார்கள், உட்கார்.

அன்புடன்,
அக்கா