கூரை வேலையும் தீயும்: கேள்வி பதில்

கட்டாரில் பதினொரு வருடம் கட்டட சைட்டுகளில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தேன். இப்போது ஹட்டன் பக்கம் சின்னச் சின்ன வீட்டு வேலைகள். தீ பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

மஸ்கெலியா: லயன் (தோட்டத்து வரிசை வீடுகள்) கூரையைக் கழற்றிப் புதுத் தகரம் போடுகிறோம். வேலை பார்க்கும் பாஸ் மேலேயே வைத்து இரும்பை வெல்டிங் பண்ணுகிறார். ஆபத்தா அண்ணே?

ஆபத்துதான். முடிந்தவரை வெல்டிங்கை வெளியில், தரையில் முடித்துவிட்டு, மேலே ஏற்றிப் போல்ட் பூட்டச் சொல்லுங்கள். முடியாதென்றால் கேளுங்கள். பொறி விழுந்த இடத்திலேயே அணைந்துவிடாது, உருண்டு ஓடும். சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 51பி தரநூல். பத்தடிக் காம்பராவில் (லயன் அறை) 35 அடி என்றால் இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு. பக்கத்து வீட்டு மெத்தையும் உங்கள் பொறுப்புத்தான். மழைக்குக் கட்டிய படங்கு, அடுப்புக்கு மேல் பரணில் காயும் விறகு, ரெஜிபோம் (வெள்ளை நுரைத் தகடு) சீலிங் எல்லாவற்றையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள். அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

வேலை நின்ற பிறகும் அவர் இருக்க வேண்டும். அதே தரநூலில் முன்பு அரை மணி நேரம் என்றிருந்தது, 2019 பதிப்பில் ஒரு மணி நேரமாக்கிவிட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். டிக்கோயாவில் ஒரு வேலை, வெல்டிங்கை நிறுத்திவிட்டு எல்லோரும் சோற்றுக்குப் போனோம். முக்கால் மணி கழித்து வந்து பார்த்தால், சுவரோரம் கிடந்த சாக்கில் காசளவு ஓட்டை. ஓரம் மட்டும் சிவந்து, சத்தமே இல்லாமல் விரிந்துகொண்டிருந்தது. நெருப்பும் இல்லை, சொல்லும்படி புகையும் இல்லை. கால் வைத்துத் தேய்த்தவன் நான்தான். அன்று காவல் போடாதவனும் நான்தான்.

கொட்டகலை: வீடு கட்டும் சட்டம் மாறிவிட்டதாமே? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் இருந்தால் போதுமா?

போதாது. அந்தக் கடிதம் மண்சரிவுக்கு, தீக்கு அல்ல. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஒழுங்குவிதிகளுக்குப் பதிலாக 2021இல் புதியவை வந்தன. ஆனால் அவை அந்தச் சபையின் பகுதியாகப் பிரகடனப்படுத்திய இடங்களுக்குத்தான். மற்ற இடங்களில் 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தைத்தான் இன்னும் புரட்டுகிறார்கள். உங்கள் காணி எதற்குள் வருகிறது என்று பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

பொகவந்தலாவை: கிரைண்டர் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. நேரடியாகக் கொடுக்கலாமா?

கூடாது. கிரைண்டரின் வயரைப் பாருங்கள்.

நோர்வூட்: ஒரு வீட்டில் பற்றினால் ஏன் முழு லயனும் போகிறது?

இதைத்தான் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் சுவர் பல லயன்களில் கூரை வரை போவதில்லை. அதற்கு மேலே ஒரே வெளி. தீ கதவு வழியாக வருவதில்லை, மேலே ஏறித் தகரத்தின் அடியில் ஓடுகிறது. கூரை மாற்றும் நாள்தான் சுவரை உயர்த்தவும் நாள். தகரத்தின் அலைக்குள் இருக்கும் இடைவெளியைச் சாந்து வைத்து அடையுங்கள், ரெஜிபோம் திணிக்காதீர்கள். ரீப்பை (தகரத்தைத் தாங்கும் மரச்சட்டம்) சுவரைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. பழைய சுவர் பாரம் தாங்குமா என்று மேசன் பாஸிடம் முதலில் காட்டுங்கள்.

தலவாக்கலை: தாத்தா காலத்திலிருந்து மேலே திறந்துதான் இருக்கிறது. அடைத்தால் அடுப்புப் புகை எங்கே போகும்? அடுத்த வீட்டில் கிழவி விழுந்தால் சத்தம் கேட்கிற வழியும் அதுதான்.

புகை இப்போது மட்டும் எங்கே போகிறது ஐயா, அடுத்த வீட்டுக்குத்தானே? ஒவ்வோர் அடுப்புக்கும் தனிப் புகைக்கூண்டு வையுங்கள், மரத்தில் படாமல்.

நோர்வூட் (மீண்டும்): சத்தம் கேட்கட்டும் என்கிறாரே, எங்கள் வீட்டுச் சண்டை பத்துக் காம்பராவுக்கும் கேட்கிறது. நான் அடைக்கிறேன்!

தலவாக்கலை (மீண்டும்): உங்களுக்குச் சண்டை, எனக்கு அம்மா. தனியாக இருக்கிறார்.

சரி, இது நியாயமான பேச்சு, நான் சிரித்தது தப்பு. ஆனால் கூரைவெளிக்குப் பதில் ஓர் அழைப்பு மணி போடலாம். கட்டிலருகே சுவிட்ச், உங்கள் வீட்டில் மணி. பேட்டரியில் ஓடுவதாக வாங்கினால் கரண்ட் போனாலும் அடிக்கும்.

பண்டாரவளை: கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் பற்றி…

சிலிண்டர் விற்ற கடையில் கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில்தான் தேங்கும். வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

இராகலை: ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது, எடுத்துவிடலாமா?

மேலே பார்க்கவும்.

ஹப்புத்தளை: ட்ரிப் சுவிட்ச்…

ஐயா, நீங்கள் மூன்றாவது ஆள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே விழ வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். விழுகிறது என்றால் வேலை செய்கிறது. பியூஸுக்குத் தடித்த செப்புக் கம்பி போடுகிறவர்களுக்கும் இதே பதில்.

புஸ்ஸல்லாவை: தீயணைப்புக்கு எந்த எண்?

110. அழைத்ததும் ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்புங்கள், வண்டிக்குத் தோட்டத்துப் பாதை தெரியாது.

தலவாக்கலை: அம்மாவுக்கு எந்த மாதிரி அழைப்பு மணி வாங்கட்டும் அண்ணே?

கம்பியில்லாதது வாங்குங்கள், சுவர் உடைக்க வேண்டாம். அம்மாவின் கை எட்டும் உயரத்தை அளந்து சொல்லுங்கள். சுவிட்சை எங்கே ஒட்டலாம் என்று பார்ப்போம்.