முதல் வீடு, முதல் கடன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசு வட்டி மானியத்தோடு முதல் வீடு வாங்குவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எப்படி யோசிப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோணத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 52,000 ரூபாய் கைக்கு வருகிறது. 34 லட்சத்துக்குப் புது ஃபிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். "உங்களுக்கு இது முதல் வீடு, அரசு 2.67 லட்சம் தரும், அதை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்கிறார் பில்டரின் ஆள். கையிருப்பு 6 லட்சம். இறங்கலாமா ஐயா?
– வாசகி, ஓசூர்

பதில்: சகோதரி, அந்த 2.67 லட்சம் பழைய கணக்கு. 2015-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் (சுருக்கமாக பிஎம்ஏஒய்) அதிகபட்சமாகக் கிடைத்த மானியம் அது. மொத்தமாகக் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். அந்த மானியப் பிரிவு 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இப்போது நடப்பது 2024 செப்டம்பர் 1-ல் தொடங்கிய பிஎம்ஏஒய் நகர்ப்புறம் 2.0. இதன் வட்டி மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம். அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும். தவணைக்கு 36,000 ரூபாய். கடன் வாங்கிய பிறகு வருகிற பணத்தை முன்பணத்தில் எப்படிக் கழிப்பது? அந்த ஆள் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் அந்தப் பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும், கடன் 25 லட்சத்தையும், கார்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்கு உள்ளே புழங்கும் பரப்பு, 120 சதுர மீட்டரையும் தாண்டக் கூடாது. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், இவர்களில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு, அதாவது உறுதியாகக் கட்டிய நிரந்தர வீடு, இருக்கக் கூடாது. கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், 12 ஆண்டு வரை, 4 சதவீத வட்டி மானியம் என்று கணக்கிடுவார்கள். உங்கள் வருமானம் இதற்குள் வருகிறது, வீடும் வருகிறது. சிக்கல் கைப்பணத்தில்தான்.

34 லட்ச வீட்டுக்கு மானியத்தோடு வாங்க வேண்டுமென்றால் கடன் 25 லட்சத்தோடு நின்றுவிடும். மீதி 9 லட்சம் உங்கள் கையிலிருந்து. அப்புறம் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, முத்திரைத் தீர்வை 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் உண்டு. அது 2.04 லட்சம். ஆக 11 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வேண்டும். பில்டர் கொடுத்த விலைப் பட்டியலைக் கையில் எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கார் பார்க்கிங், மின் இணைப்பு, பராமரிப்பு வைப்புத் தொகை, ஜிஎஸ்டி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான், சின்ன எழுத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பது 6 லட்சம்.

"சரி, கடனைக் கூட்டிக்கொள்கிறோம்" என்று தோன்றும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். ஆனால் 25 லட்சத்தைத் தாண்டிய நிமிடமே மானியம் போய்விடும். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு 30 லட்சம் வாங்கினால் மாதத் தவணை சுமார் 25,100 ரூபாய். கைக்கு வருவதில் கிட்டத்தட்ட பாதி. 25 லட்சம் என்றால் சுமார் 20,900. அதுவே 40 சதவீதம். அந்த 25 லட்சத்துக்கு 20 ஆண்டில் நீங்கள் கட்டப்போகும் வட்டி மட்டும் 25 லட்சத்துக்கு மேல். இதன் பக்கத்தில் 1.80 லட்சத்தை வைத்துப் பாருங்கள். நல்ல உதவிதான், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் எந்த வீட்டை வாங்குவது என்பதை முடிவு செய்கிற அளவுக்குப் பெரிய தொகை அது இல்லை.

என் கருத்து: இந்த ஃபிளாட்டில் இப்போது இறங்க வேண்டாம். 26, 27 லட்சத்துக்குள் தேடுங்கள், அல்லது இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வாருங்கள். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டினால் வீட்டுக் கடனோடு நகைக் கடனும் சேர்ந்துகொள்ளும். தனியார் பள்ளியில் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனால்கூட அது தாங்காது. எந்த வீட்டைப் பார்த்தாலும் டிஎன்ரேரா (தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் அதன் பதிவு எண்ணை நீங்களே தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: மானியத்துக்கு விண்ணப்பிக்க ஒரு தரகர் 5,000 ரூபாய் கேட்கிறார். 2024 ஜூலையில் வாங்கிய கடனுக்கும் "பேசி வாங்கித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். 2024 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதித்து, பணமும் கொடுக்கப்பட்ட கடனுக்குத்தான் இந்த மானியம். ஜூலைக் கடனுக்கு யார் பேசினாலும் கிடைக்காது. தகுதி உள்ளவர்கள் பிஎம்ஏஒய் நகர்ப்புறம் 2.0 இணையதளத்தில் ஆதார் எண்ணையும் போனுக்கு வரும் ஓடிபியையும் வைத்துத் தாங்களே விண்ணப்பிக்கலாம். கடன் தரும் வங்கியிலும் கேட்கலாம். குடும்பத்தார் எல்லோருடைய ஆதார் விவரம், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் தயாராக இருந்தால் போதும். அந்த ஓடிபியைத் தரகரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய மாடி வீடு இருக்கிறது. அப்பா காலமான பிறகு நானும் அண்ணனும் சேர்ந்து எங்கள் இருவர் பெயருக்கும் மாற்றிக்கொண்டோம். அண்ணன்தான் அங்கே குடியிருக்கிறார். நான் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். "பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் மானியம் கிடைக்கும்" என்கிறார் நண்பர்.
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு பதறியது. 1.80 லட்ச மானியத்துக்காக அப்பா விட்டுப்போன சொத்தில் உங்கள் பங்கை எழுதிக் கொடுப்பதா? தயவுசெய்து செய்யாதீர்கள். அண்ணன் தம்பிக்குள் பேசி, பணமோ வேறு நிலமோ கொடுத்துப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டிய காரணம் வேறு இருந்தால், அதை அதற்காகச் செய்யுங்கள். மானியத்துக்காகச் செய்தால் பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது சொல்லப் பதில் இருக்காது.

உங்கள் பெயரில் பக்கா வீட்டில் பங்கு இருப்பதால், "நாட்டில் எங்கும் எனக்குப் பக்கா வீடு இல்லை" என்ற உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. கிராமம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று போடவும் கூடாது. வங்கிக் கடனையே பொய்யில் தொடங்க வேண்டாம். மானியம் இல்லாமலே சாதாரண வீட்டுக் கடன் உங்களுக்குக் கிடைக்கும். அதில் கால் சதவீத வட்டியைப் பேசிக் குறைத்தாலே, கடன் முடிவதற்குள் கணிசமான தொகை மிச்சமாகும். இரண்டு மூன்று வங்கிகளில் கேளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து வங்கிகள் கடனின் எல்லாச் செலவுகளையும் சேர்த்து முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது மலிவு என்று தெரிந்துவிடும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீடு அப்பா பெயரிலேயே இருந்து, மகன் கல்யாணமாகித் தனிக் குடும்பமாக இருந்தால், அப்பாவின் வீடு மகனுக்குத் தடை ஆகாது.

கேள்வி: போன் வாங்கிய தவணைக் கடன் பாக்கியில் பாதியைக் கட்டி "செட்டில்" செய்துவிட்டேன். இப்போது வீட்டுக் கடன் மறுக்கப்பட்டுவிட்டது. இனி வழி இல்லையா?
– வாசகர், கோவை

பதில்: இருக்கிறது. "செட்டில்டு" என்று, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இருந்தால், வங்கிக்காரர் கண்ணுக்கு அது "முழுதாகக் கட்டவில்லை" என்றுதான் தெரியும். மீதியைக் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்ற சான்றை வாங்குங்கள். பதிவை "குளோஸ்டு" என்று மாற்றச் சொல்லி அந்தக் கடன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 2025 ஜனவரியிலிருந்து இந்த விவரங்களை அவர்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்பியாக வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யவில்லை என்றால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். மாறியிருப்பதை அதில் பார்த்த பிறகே அடுத்த விண்ணப்பம். மறுத்த கையோடு நாலு வங்கியில் போட்டால், அந்த விசாரணைகளும் அறிக்கையில் ஏறும்.

கேள்வி: 15 லட்சம் கடன், 15 ஆண்டு, மானியத்தோடு. வருஷம் 2 லட்சம் போனஸ் வரும். அசலில் கட்டி வேகமாக முடித்துவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது, நல்ல எண்ணம்தான். ஆனால் மானியத் தவணை வரும் நேரத்தில் கடன் நடப்பில் இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். 8 சதவீத வட்டியில் நீங்கள் வருஷம் 2 லட்சம் கட்டினால், மூன்றாம் ஆண்டு முடிவிலேயே பாக்கி 7.5 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதற்குப் பின் வர வேண்டிய மானியம் கைநழுவும். முதல் வருஷப் போனஸை மட்டும் அசலில் கட்டுங்கள். அடுத்தவற்றை வைப்பு நிதியில் போட்டு வைத்து, கடைசி மானியத் தவணை வரவானதும் மொத்தமாகக் கட்டுங்கள். இடையில் வட்டி வித்தியாசத்தில் சிறிது போகும். தவறிப்போகும் ஒவ்வொரு தவணையும் 36,000 வரை பெறும். கடனை வேறு வங்கிக்கு மாற்ற நினைத்தாலும் மானியம் என்ன ஆகும் என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கணவர் இல்லை. தையல் கடை வைத்திருக்கிறேன், மாதம் 18,000 முதல் 22,000 வரை வரும். சம்பள ரசீது இல்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 11 லட்சத்துக்கு ஒரு பழைய சின்ன வீடு இருக்கிறது. எனக்கு யார் கடன் தருவார்கள்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தத் திட்டமே. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பதால் நீங்கள் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் வருகிறீர்கள். கணவரை இழந்த பெண்களுக்குத் திட்டத்தில் முன்னுரிமை உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. குறைந்த வருமானக்காரர் முதல் வீடு வாங்கும் கடனுக்கு அரசின் கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. 2.0 திட்டத்தோடு அதன் நிதியை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தியிருக்கிறார்கள். சம்பள ரசீது இல்லாதவருக்குக் கடன் தர வங்கி தயங்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஆகவே வங்கியில் "உத்தரவாத நிதியத்தின் கீழ் பரிசீலிக்க முடியுமா" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு தையல்காரம்மாவின் கடைக்குப் போனேன். வருமானத்துக்கு ஆதாரம் கேட்டதும், அளவு எழுதும் நோட்டை எடுத்து வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மார்பு, தோள், கை அளவு. ஓரத்தில் தேதி, வாங்கிய அட்வான்ஸ், பாக்கி. வாங்கிவிட்டதற்குக் குறுக்கே ஒரு கோடு. சுவரில் கொக்கி நிறைய ஜாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. அந்த நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டு வருமானத்தை மதிப்பிட்டு எழுதினேன், கடன் அனுமதியானது.

உங்களிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். ரொக்கமாக வந்ததை வாராவாரம் கணக்கில் போடுங்கள். ஆறு மாதம் அப்படி ஓடினாலே வங்கிக்குக் காட்ட ஒன்று இருக்கும். கடை வாடகை ரசீது, மின் கட்டண ரசீது, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

அந்த வீடு பழையது என்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து, தாய்ப் பத்திரத்தையும் பட்டாவையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பழைய வீட்டுக்குப் பத்திரச் செலவு 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. உங்களுக்கு விலை 11 லட்சம் என்பதால் அது பொருந்தாது; பேசிப் பாருங்கள், விற்பவர் உண்மையாகவே 10 லட்சத்துக்கு இறங்கி வந்தால் அந்தச் சலுகையும் சேரும். பத்திரத்தில் மட்டும் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்திரத்தில் இருக்கும் தொகையை வைத்துத்தான் வங்கி உங்களுக்குக் கடன் தரும்.