மௌனப் படத்தை நேரடி இசையோடு பார்ப்பதில் என்ன வித்தியாசம்? ஆர்கனா, ஆர்கெஸ்ட்ராவா?

இணையத்தில் மௌனப் படங்கள் பின்னணி இசையோடு இலவசமாகவே கிடைக்கும்போது, டிக்கெட் எடுத்துப் போய் நேரடி இசையோடு பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது, போவதென்றால் ஆர்கனா ஆர்கெஸ்ட்ராவா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். முதல் தடவை என்றால், குழல்களில் காற்றைச் செலுத்தி ஒருவரே விசைகளால் வாசிக்கும் ஆர்கனுக்குப் போங்கள். ஆர்கெஸ்ட்ரா அதற்கு அடுத்து. இரண்டையும் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

பதிவு செய்த இசைக்குப் படம் தெரியும், பார்க்க வந்தவர்களைத் தெரியாது. எந்த இடத்தில் சிரிப்பு எழும், அது எவ்வளவு நேரம் நீளும், எப்போது அரங்கமே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்பதெல்லாம் ஒவ்வொரு காட்சியிலும் மாறும். நேரில் வாசிப்பவர் கண்ணைத் திரையிலும் காதை அரங்கத்திலும் வைத்திருக்கிறார். நேரடி இசையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் உதாரணம் சொன்னால் புரியும். மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 1928-ஆம் ஆண்டுப் படமான 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர் மேல் விழும். மாடி ஜன்னலின் திறப்பு மிகச் சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்குவதால் தப்பித்துக்கொள்வார். இந்தக் காட்சியை வீடியோவில் பார்த்தபோது சுவர் தரையைத் தொடும் கணத்தில் பெரிய முழக்கம் ஒன்று வந்தது. தவறு என்று சொல்ல முடியாது. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அரங்கில் பார்த்தபோது ஆர்கன் வாசித்தவர் வேறொன்று செய்தார். புயல் முழுக்கக் கீழ்ஸ்தாயியை உறும வைத்துக்கொண்டிருந்தவர், சுவர் சாயத் தொடங்கியதும் கையையும் காலையும் எடுத்துவிட்டார். சுவர் ஓசையில்லாமல் விழுந்தது. அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதையடுத்துச் சிரிப்பும் கைதட்டலும். அவை உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் வரை காத்திருந்து, மேல்ஸ்தாயியில் மெல்லிய ஒற்றைச் சுரத்தில் ஆரம்பித்து, புயலை மறுபடி கொண்டுவந்தார். அடுத்த நாள் அதே படத்துக்கு அவர் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம். கூட்டம் சிறியதாக இருந்திருந்தால் அந்த மௌனமே எடுபடாமல் போயிருக்கும்.

இப்படி நினைத்த மாத்திரத்தில் நிறுத்தவும் திரும்பவும் ஒற்றை ஆளால்தான் முடியும். அந்த ஒற்றை ஆளின் கையில் ஓர் ஆர்கெஸ்ட்ராவின் பலத்தைக் கொடுப்பதற்காகவே உருவானது திரையரங்க ஆர்கன். தேவாலயத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய குழல் ஆர்கனிலிருந்து இது வெகுவாக மாறுபட்டது. இதற்கு வடிவம் கொடுத்ததில் பெரும் பங்கு ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்தவர். விசையை அழுத்தினால் மின்சுற்று இணைய வேண்டும், காந்தம் ஒரு சிறு வால்வைத் திறக்க வேண்டும், காற்று குழலுக்குள் பாய வேண்டும் என்று யோசித்தார். விசைக்கும் குழலுக்கும் நடுவே இருப்பது மின்கம்பி மட்டும் என்பதால், வாசிப்பவர் உட்காரும் இடம் ஓரிடத்திலும் குழல்கள் அரங்கின் பக்கச் சுவர்களுக்குப் பின்னே உள்ள அறைகளிலும் இருக்கலாம். ஒரே குழல் வரிசையை வெவ்வேறு ஸ்தாயிகளுக்குப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதால் குறைந்த குழல்களிலேயே நிறைய நாதம் கிடைத்தது. தேவாலய ஆர்கனைவிடக் காற்றழுத்தமும் பல மடங்கு அதிகம். 1910-இல் அவருடைய கண்டுபிடிப்புகள் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தன. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த நிறுவனம் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்தது.

குழல்களோடு நின்றுவிடவில்லை. அந்த அறைகளுக்குள் நிஜமான டிரம், சைலோஃபோன், மணிகள், சிம்பல் எல்லாம் இருக்கும். காற்றுதான் அவற்றை அடிக்கும். குதிரைக் குளம்பு, ரயில் விசில், கார் ஹாரன், கதவு மணி, கடல் அலை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொறிகள் உண்டு. பறவை ஒலிக்கு ஒரு சின்ன விசிலின் வாயைத் திரவத்துக்குள் கவிழ்த்து வைத்திருப்பார்கள்; காற்று போனதும் அது குமிழியிட்டுக் கூவும். இதில் எதுவும் பதிவு செய்த ஒலி கிடையாது.

ஒருமுறை ஆர்கனுக்கு மிக அருகில், ஓர இருக்கை கிடைத்தது. படத்தைவிட வாசித்தவருடைய கால்களையே அதிகம் பார்த்தேன். இடது கால், மரத்தாலான கீழ்விசைகளில் அடிநாதத்தைத் தேடி ஓடிக்கொண்டே இருந்தது. வலது கால் ஒரு பெடலை விட்டு நகரவில்லை. முன்பாதத்தால் அழுத்தினால் குழல் அறையின் மரச் சட்டங்கள் திறக்கும், குதிகாலால் அழுத்தினால் மூடும். அரங்கம் அதிர்வதும் கிசுகிசுப்பதும் அந்தப் பாதத்தைப் பொறுத்தது. இடது கை அவ்வப்போது விசைகளை விட்டு எழுந்து, குதிரை லாடம் போல் வளைந்திருக்கும் பலகையில் வண்ணப் பட்டைகள் இரண்டைத் தட்டிவிட்டு அதே தாளத்தில் திரும்பி வந்தது. அதற்குள் புல்லாங்குழல் போய் டிரம்பெட் வந்திருந்தது. எதிரே ஒரு தாள்கூட இல்லை. தலை முழு நேரமும் திரையைப் பார்த்து நிமிர்ந்தே இருந்தது.

அந்தக் காலத்தில் எல்லாப் படத்துக்கும் இசை எழுதிக் கொடுத்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. 1908-இலேயே கமில் சான்-சான்ஸ் போன்ற பெரிய இசையமைப்பாளர் ஒரு பிரெஞ்சுப் படத்துக்கென்று தனியாக இசை எழுதினார் என்பது உண்மைதான். ஆனால் அது விதிவிலக்கு. பெரும்பாலான படங்களோடு வந்தது ஒரு குறிப்புத் தாள்: இந்தக் காட்சி தொடங்கியதும் இந்த மாதிரி இசை, இத்தனை நிமிடம். மீதியை அந்தந்தத் திரையரங்கின் வாத்தியக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்காக எர்னோ ராப்பே என்பவர் 1924-இல் வெளியிட்ட தொகுப்பில் 52 மனநிலைகளுக்கும் சூழல்களுக்கும் இசைத்துண்டுகள் இருந்தன. துரத்தல், தீயணைப்பு, கடற்புயல், கல்யாணம் என்று ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பட்டியல் அச்சாகியிருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை ஓரத்துக்கு ஓட்டி, அடுத்த காட்சிக்கான பக்கத்துக்குத் தாவலாம். சின்ன அரங்கில் ஒரு பியானோ. நடுத்தர அரங்கில் பியானோவோடு வயலினும் டிரம்மும். மாநகரங்களின் பெரிய அரங்குகளில் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஆர்கனும் சேர்ந்தே இருந்தன. ஆர்கெஸ்ட்ரா ஓய்வெடுக்கும் நேரத்தில் ஆர்கன் கதையைத் தொடரும். ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச் இளம் வயதில் லெனின்கிராட் திரையரங்குகளில் பியானோ வாசித்துத்தான் குடும்பத்துக்குச் சம்பாதித்தார். பின்னாளில், 1929-இல், ஒரு மௌனப் படத்துக்கு முழு ஆர்கெஸ்ட்ரா இசையும் எழுதினார்.

இனி ஆர்கெஸ்ட்ரா. ஆர்கனை முதலில் சொன்னதால் இதைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சில படங்களுக்கு ஒற்றை ஆளால் ஈடுகொடுக்க முடியாது. பிரெஞ்சு இயக்குநர் அபெல் கான்ஸ் எடுத்த 'நெப்போலியன்' (1927) மீட்கப்பட்ட வடிவில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். கடைசிப் பகுதியில் திரை மூன்றாக விரியும். திரைப்பட வரலாற்றாசிரியர் கெவின் பிரௌன்லோ இந்தப் படத்தைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்தார். இசையமைப்பாளர் கார்ல் டேவிஸ் பீத்தோவனின் இசையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டு அதற்கு இசையமைத்து, 1980-இல் லண்டனில் தானே ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். மௌனப் படங்களை ஆர்கெஸ்ட்ராவோடு திரையிடும் வழக்கம் மறுபடி உயிர்பெற்றதற்கு அந்த நிகழ்ச்சி முக்கியமான காரணம். திரை விரியும்போது, நேரில் அத்தனை வில்களும் பித்தளைக் குழல்களும் ஒன்றாக எழும் அந்த நாதத்தை வீட்டு ஒலிபெருக்கியில் கேட்கவே முடியாது.

எழுதிய இசை சில நேரம் படத்தையே காப்பாற்றியும் இருக்கிறது. 'மெட்ரோபோலிஸ்' (1927) என்ற ஜெர்மன் படத்தின் வெட்டுப்பட்ட காட்சிகள் பல, 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் கிடைத்த ஒரு பிரதியில் இருந்தன. எந்தக் காட்சி எங்கே வர வேண்டும் என்பதை முடிவு செய்ய, காட்ஃபிரீட் ஹுப்பெர்ட்ஸ் எழுதிய மூல இசைத்தாள்கள் பெரிதும் உதவின. திரையில் என்ன நடக்கிறது என்ற குறிப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவற்றில் இருந்தது. 2010-இல் அந்த வடிவம் பெர்லினில் நேரடி ஆர்கெஸ்ட்ராவோடு திரையிடப்பட்டது.

ஆர்கெஸ்ட்ராவின் சிரமமும் இந்த இறுக்கமான பொருத்தத்தில்தான் இருக்கிறது. மௌனப் படங்கள் கையால் சுழற்றிய கேமராவில் எடுக்கப்பட்டவை. நொடிக்கு இத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்ற ஒரே கணக்கு கிடையாது. பதினாறும் உண்டு, இருபத்து நான்கும் உண்டு. வேகம் கொஞ்சம் மாறினாலும் எழுதிய இசை காட்சியைவிட்டு விலகிவிடும். இப்போது இசை நடத்துநரின் முன்னால் ஒரு சிறு திரை இருக்கும். அதில் ஓடும் நேரக் கணக்கையும் ஒளிக் கோடுகளையும் பார்த்து அவர் தாளத்தை இழுத்தோ தள்ளியோ கொண்டுபோவார். சிலர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, அதில் வரும் தாளச் சத்தத்தைக் கேட்டு நடத்துகிறார்கள். துல்லியம் கிடைக்கும், ஆனால் இசை மரத்துப் போய்விடும். கண்ணால் பார்த்தே நடத்துபவர்களின் நிகழ்ச்சிதான் எனக்குப் பிடிக்கும்; அரை நொடி தவறினாலும் பரவாயில்லை.

எரிச்சல் தருவது ஒன்று உண்டு. பழைய படத்தின் உணர்ச்சிகரமான கட்டத்தில், எல்லோருக்கும் தெரிந்த இந்தக் காலப் பாட்டு ஒன்றின் மெட்டை நுழைத்துச் சிரிப்பு வாங்குகிறவர்கள். திரையில் அழுதுகொண்டிருக்கும் அந்த நடிகைக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. புதுப் பாணியில் இசையமைப்பது வேறு. கித்தாரும் மின்னணு இசையும் வைத்து மிக நேர்மையாக வாசித்தவர்களைக் கேட்டிருக்கிறேன். படத்தை நம்பி வாசிக்கிறார்களா என்பதுதான் என் அளவுகோல்.

பேசும் படம் வந்ததும் சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர்கள் வேலையிழந்தார்கள். ஆர்கன்கள் கழற்றி விற்கப்பட்டன. மிஞ்சியவற்றை ஆர்வலர்கள் விடாமல் பராமரித்து வருகிறார்கள். பெர்லினின் பாபிலோன் திரையரங்கில் 1929-இல் நிறுவிய ஆர்கன் அதே இடத்தில் இன்றும் ஒலிக்கிறது. இத்தாலியின் போர்தெனோனே நகரில் 1982-இல் தொடங்கிய மௌனப்பட விழாவில் கிட்டத்தட்ட எல்லாக் காட்சிகளுக்கும் நேரடி இசை உண்டு. வாசிப்பவர்கள் பலர் உலகிலேயே தேர்ந்தவர்கள்.

போவதாக முடிவு செய்தால், ஆர்கனுக்கு நடு வரிசையில் உட்காருங்கள். குழல் அறைகள் பெரும்பாலும் இரு பக்கமும் இருப்பதால் அங்கேதான் நாதம் சேர்ந்து வரும். ஆர்கெஸ்ட்ராவுக்கு மாடி இருக்கை நல்லது, இசைத்தாள் விளக்குகள் கண்ணை உறுத்தாது. முதல் படமாக நகைச்சுவையைத் தேர்ந்தெடுங்கள். வாசிப்பவர் அரங்கத்துக்குக் காதுகொடுக்கிறாரா என்பது அதில் உடனே தெரிந்துவிடும். டிக்கெட் எடுக்கும் முன் அறிவிப்பில் வாசிப்பவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'நேரடி இசையுடன்' என்று மட்டும் போட்டிருந்தால், யார் வாசிக்கிறார், எழுதிய இசையா மனோதர்மமா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.