எம்ஷர் ஆறு, சைக்கிள் பாதை, சாக்கடைக் குழாய்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் கழிவுநீர்க் குழாய்களுக்குக் கணக்குப் போடுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை அதே குழாய்களுக்கு மேலே சைக்கிள் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. எம்ஷர் ஆற்றை மீட்டது பற்றிக் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. தொடங்கும் முன் ஒன்று: ஆற்றில் இறங்காதீர்கள். இதை இன்னும் சில தடவை சொல்வேன்.

கேள்வி: எம்ஷர் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

டோர்ட்முண்ட் பக்கத்தில் ஹோல்ட்ஸ்விக்கெடெ என்ற சிற்றூரில் பிறந்து, மேற்கே ஓடி ரைன் நதியில் கலக்கும் சின்ன ஆறு. நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உருக்காலையும் நெருக்கியடித்த நிலம் அது. நூறு ஆண்டுக்கும் மேல் அந்த ஆறு முழுக்கத் திறந்த சாக்கடையாகவே இருந்தது. 1992இல் மீட்பு வேலை தொடங்கியது. 2021 கடைசியில் சாக்கடை முழுவதும் ஆற்றைவிட்டுக் குழாய்க்குப் போனது. செலவு சுமார் 550 கோடி யூரோ.

கேள்வி: இஞ்சினியரிங்கில் பெயர் போன நாட்டில் ஏன் திறந்த சாக்கடை? பூமிக்குள் குழாய் பதிக்கத் தெரியாதா?

நல்ல கேள்வி. தெரியும். பதித்தால் உடையும் என்பதும் தெரியும்.

கீழே நிலக்கரியை வெட்டி எடுத்துவிட்டால் மேலே நிலம் தாழும். ரூரில் சில இடங்கள் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கின்றன. ஒரே சீராகத் தாழ்ந்தாலாவது பரவாயில்லை, அங்கொரு பள்ளம் இங்கொரு மேடு என்று தாழும். புதைத்த குழாய் மூட்டுமூட்டாகக் கழன்றுகொள்ளும், ஓட்டம் திசை மாறிவிடும். திறந்த வாய்க்கால் என்றால் எங்கே உட்கார்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம், கரையை உயர்த்தலாம், தரையை மறுபடி சரிவாக்கலாம். அதனால்தான் வளைந்து நெளிந்து கிடந்த ஆற்றை நேராக்கி, அடியில் கான்கிரீட் பலகை பதித்து, இருபுறமும் கரை எழுப்பி, கம்பிவேலி போட்டார்கள். ஆறு ரைனில் சேரும் இடத்தையே நிலம் தாழத் தாழ இரண்டு தடவை வடக்கே தள்ள வேண்டியிருந்தது.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து, எம்ஷர் பக்கம் நிலம் அடங்கிய பிறகே நிலத்தடிக் குழாய் சாத்தியமாயிற்று. மனசு மாறியதால் 1992இல் தொடங்கினார்கள் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மண் நின்றது, வேலை தொடங்கியது.

கேள்வி: நாற்றம் அடிக்குமா?

இப்போது இல்லை. முன்பு அடித்த அடியில் உள்ளூர்க்காரர்கள் இந்த வாய்க்கால்களுக்கு வைத்த செல்லப்பெயர் 'கொட்டெல்பெக்கெ'. தமிழில் 'பீ ஓடை'.

கேள்வி: கூவத்தை இப்படி மாற்ற எத்தனை வருஷம் ஆகும்?

வருஷக் கணக்கு என்னிடம் இல்லை. வரிசை சொல்கிறேன். எம்ஷரில் முதலில் சுத்திகரிப்பு நிலையங்கள், அப்புறம் கிளைக் குழாய்கள், அப்புறம் பெருங்குழாய், கடைசியில்தான் கான்கிரீட்டைப் பெயர்த்துச் செடி நட்டது. இங்கே அந்தந்த நகராட்சி தனித்தனியாகத் திட்டம் போடவில்லை. 1899இல் தொடங்கிய எம்ஷர் கூட்டுச் சங்கம், 1904இன் தனிச் சட்டத்துக்குப் பிறகு, ஊர்களையும் சுரங்கங்களையும் ஆலைகளையும் கட்டாய உறுப்பினராக்கிக் காசு வசூலித்தது. கூவத்தில் இரண்டு கூடுதல் சிக்கல்கள்: முகத்துவாரத்தை மணல் அடைக்கும், கோடையில் நல்ல நீர்வரத்தே கிடையாது.

கேள்வி: 51 கிலோமீட்டர் குழாய் என்று படித்தேன். 40 மீட்டர் ஆழம் எதற்கு?

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

டோர்ட்முண்டில் தொடங்கி டின்ஸ்லாகன் வரை 51 கிலோமீட்டர். சாக்கடை தானாக ஓட வேண்டும். மெதுவாக ஓடினால் கசடு அடியில் படியும். அதனால் மனிதன் நடக்கிற வேகமாவது வேண்டும். அதற்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் வீதம் சரிவு கொடுத்தார்கள். பெருக்கிப் பாருங்கள், மொத்தம் 76 மீட்டர் இறக்கம். மேலே நிலமோ அவ்வளவு இறங்குவதில்லை. ஆக குழாய் போகப்போகப் பூமிக்குள் ஆழ்ந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் ஆழம் போனால் பம்ப் வைத்து மேலே தூக்கி, மறுபடி சரிய விடுவார்கள். கெல்சன்கிர்ஷன், பொட்ட்ராப், ஓபர்ஹவுசன் என மூன்று பம்ப் நிலையங்கள். ரயில்பாதை, நெடுஞ்சாலை, வீடுகளுக்கு அடியில் போவதால் பெரும்பகுதியைத் தோண்டாமல், குழிக்குள்ளிருந்து குழாயை அழுத்தித் தள்ளித்தான் பதித்தார்கள்.

இன்னொரு அழகு: இந்தக் குழாய் ஒருநாளும் காலியாகாது, ஆள் இறங்கிப் பார்க்க முடியாது. எனவே சோதிக்க ரோபோ. குழாய் பதிப்பதற்கு முன்பே அந்த ரோபோவை வடிவமைக்கத் தொடங்கிவிட்டார்கள். பராமரிப்பை முதல் நாளே யோசித்த வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: கூவம்?

மேலே பாருங்கள்.

கேள்வி: நீங்கள் இதைப் பெருமையாகச் சொல்வது உறுத்துகிறது. ஓர் ஆற்றைத் தெரிந்தே கொன்றுவிட்டு, நூறு வருஷம் கழித்துக் காசு செலவழித்து உயிர் கொடுத்தால் அது சாதனையா?

சரி, வாருங்கள். 1900ஐ ஒட்டிய நிலையைப் பாருங்கள். எம்ஷரில் சரிவு குறைவு, நிலம் வேறு தாழ்ந்துவிட்டது, மழை பெய்தால் கழிவுநீர் தெருவில் தேங்கும். 1901இல் கெல்சன்கிர்ஷனில் டைபாய்டு கொள்ளைநோய் வந்தது. அன்று அவர்கள் முன்னால் இருந்த கேள்வி ஆறா மனிதனா என்பதுதான். கழிவை விரைவாக ஊரைவிட்டு வெளியேற்றும் வாய்க்கால் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது என்றே நான் நினைக்கிறேன்.

அதே நபர்: வெளியேற்றி ரைனில் கொட்டினார்கள். சுத்திகரிக்கலாமே?

முயன்றார்கள். கார்ல் இம்ஹோஃப் என்ற பொறியாளர் இதே எம்ஷர் கூட்டுச் சங்கத்தில் வேலை பார்த்தபோதுதான் இரண்டடுக்குக் கசடுத் தொட்டியை உருவாக்கினார். மேலடுக்கில் கசடு படியும், கீழடுக்கில் செரிக்கும். ஜெர்மனியில் 'எம்ஷர் கிணறு' என்பார்கள், மற்ற நாடுகளில் இம்ஹோஃப் தொட்டி. நம்மூர் சிவில் பாடத்திலும் வரும். திடப்பொருளைப் பிடிக்கும், கரைந்திருக்கும் அழுக்கைப் பிடிக்காது. அன்றைய அறிவு அவ்வளவுதான்.

இன்னொருவர் (எஸ்ஸனிலிருந்து): தெற்கே ரூர் ஆற்றைக் குடிநீருக்கு வைத்துக்கொண்டு எம்ஷரைப் பலி கொடுத்தார்களே, அதையும் சொல்லுங்கள். எம்ஷர் கரையில் குடியிருந்தது யார்?

இந்த அடி நியாயமானது. ரூர் குடிநீருக்கு, எம்ஷர் கழிவுக்கு என்று வேலை பிரித்தார்கள். வசதியானவர்கள் தெற்கே, சுரங்கத் தொழிலாளர்கள் வடக்கே. இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் ஏ40 நெடுஞ்சாலையைச் 'சமூகப் பூமத்திய ரேகை' என்று இன்றும் சொல்கிறார்கள். வாய்க்காலின் வழுக்கும் கான்கிரீட் சரிவில் விழுந்த பிள்ளைகள் ஏறி வர முடியாமல் இறந்திருக்கிறார்கள். தொழில்நுட்பக் காரணம் உண்மை. அந்தக் காரணத்தின் விலையை யார் கட்டினார்கள் என்பதும் உண்மை. முதல் பதிலில் இரண்டாவதை விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நபர்: அப்படியானால் இப்போது லாபம் யாருக்கு? டோர்ட்முண்ட் பீனிக்ஸ் ஏரிக் கரையில் வீட்டு விலையைப் பார்த்தீர்களா?

பார்த்தேன், பெருமூச்சு விட்டேன். தெரியாதவர்களுக்கு: ஹெர்டெ பகுதியில் பெரிய உருக்காலை இருந்தது. அதைச் சீன நிறுவனம் வாங்கி, பிரித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. மிஞ்சிய பள்ளத்தில் 2010 அக்டோபரில் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள், 24 ஹெக்டேர் ஏரி வந்தது. கரையில் வசதிக்காரர் வீடுகள், இரண்டு தெரு தள்ளிப் பழைய தொழிலாளர் குடியிருப்பு. எம்ஷர் ஏரிக்குள் ஓடுவதில்லை, பக்கத்தில் தனியாக ஓடுகிறது. வெள்ளம் மிஞ்சினால் மட்டும் ஏரி வாங்கிக்கொள்ளும். நீரியலாகப் பார்த்தால் அருமையான வேலை. வாடகை பற்றிக் கேட்டால் உங்கள் பக்கம்தான் நான். இதோடு இந்த வாதத்தை நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: சைக்கிள் பாதைக்கு நிலம் எப்படிக் கிடைத்தது?

பெரும்பாலும் புதிதாக எடுக்கவே இல்லை. வாய்க்கால் பராமரிப்பு வண்டிகளுக்காகக் கரையோரம் பாதை ஏற்கெனவே இருந்தது, வேலிக்குள் பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறந்தார்கள். இப்போது ஊற்றிலிருந்து ரைன் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் எம்ஷர் பாதை. இன்னொரு வகை, கைவிட்ட ரயில் தடம். தாது ரயில் தடம் என்று ஒன்று, கால்வாய்த் துறைமுகத்திலிருந்து போஹும் உருக்காலைக்கு இரும்புத்தாது கொண்டுபோனது. (ஊர்ப் பெயரைப் 'போகும்' என்று எழுதினால் எங்கே போகும் என்று கேட்கிறீர்கள், அதனால் ஹ.) சரக்கு ரயிலுக்கு ஏற்றம் ஆகாது, எனவே சைக்கிளுக்கும் முழங்கால் வலிக்காது. மேட்டுக் கரையில் போவதால் குறுக்கே சாலை கிடையாது, சிக்னல் கிடையாது.

கேள்வி: ஆர்எஸ்1 சைக்கிள் நெடுஞ்சாலையில் டுயிஸ்பர்கிலிருந்து ஹம் வரை போகலாமா?

வரைபடத்தில் போகலாம். சுமார் 100 கிலோமீட்டர் திட்டம். மியூல்ஹைம், எஸ்ஸன் பக்கம் பழைய ரயில் தடத்தில் ஓட்டினால் சொர்க்கம், அப்புறம் துண்டுதுண்டு.

கேள்வி: ஹம் காமாட்சி அம்மன் கோவில் தேர்த் திருவிழாவில் தீர்த்தமாடும் தண்ணீர் எம்ஷரா?

இல்லை, நிம்மதியாக இருங்கள். அது டாட்டெல்ன்-ஹம் கால்வாய். தண்ணீர் எம்ஷருக்கு வடக்கே இருக்கும் லிப்பெ ஆற்றிலிருந்து வருவது.

கேள்வி: எம்ஷர்தான் சுத்தமாகிவிட்டதே, பிள்ளைகளைக் குளிக்கவிடலாமா?

கூடாது. சுத்திகரித்த நீரும் மழைநீரும்தான் ஓடுகிறது, குளிக்கும் தரம் இல்லை. பெருமழையில் சாக்கடையும் மழையும் கலந்து தேக்கத் தொட்டி நிரம்பினால் வழிந்து ஆற்றுக்குத்தான் வரும். நகரத்துத் தார்த்தரை நீர் முழுக்க ஓடிவருவதால் மட்டம் நிமிடங்களில் ஏறும். கரையில் உட்காருங்கள்.

கேள்வி: மீன் வந்ததா?

வந்தது. எனக்குப் பிடித்தது குரொப்பெ என்ற விரல் நீள மீன். நூறாண்டுச் சாக்கடைக் காலத்திலும் பொட்ட்ராப் பக்கம் போயெ ஓடையின் மேல்பகுதியில், சாக்கடை தொடாத ஒரு துண்டில் பிழைத்துக் கிடந்தது. அங்கிருந்து எடுத்துச் சீரான ஓடைகளில் விட்டார்கள். ரைனில் சேரும் இடத்தில் முன்பு தண்ணீர் செங்குத்தாக விழும், மீன் ஏற முடியாது. 2022இல் புது முகத்துவாரம் திறந்த பிறகு வழி கிடைத்தது.

கேள்வி: சுரங்கம் எல்லாம் மூடிவிட்டார்களே, பம்ப் செலவு இனி மிச்சம்தானே?

கடைசிச் சுரங்கம், பொட்ட்ராப்பின் ப்ரோஸ்பர்-ஹானியல், 2018 டிசம்பரில் மூடியது. தாழ்ந்த நிலம் எழும்பி வராது. எம்ஷர் படுகையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பள்ளம்; பம்ப் நின்றால் ஏரியாகும். இதற்கு ஜெர்மன் அலுவலகச் சொல் 'நிரந்தரப் பணி'. சுரங்கத்தின் நிரந்தரச் செலவுக்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள்.

கேள்வி: அங்கே வேலை வாங்கித் தருவீர்களா?

முதலில் ஜெர்மன் படியுங்கள். மற்றது தனிமடலில் வேண்டாம்.

கேள்வி: திருப்பூர் சாயக்கழிவுக்கு இந்த முறை சரிப்படுமா? கூவத்துக்கு?

சாயக்கழிவின் பெரிய தலைவலி உப்பு. வீட்டுச் சாக்கடைக்கான நிலையம் உப்பைப் பிரிக்காது, அது தனி வித்தை, சவ்வு வடிகட்டல் தெரிந்தவரைக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை நான் பார்க்கவில்லை.

கேள்வி: ஒரே ஒருநாள்தான் கையில். எங்கே ஓட்டலாம்?

டுயிஸ்பர்க் வடக்கில் மைடெரிஷ் உருக்காலை. 1985இல் மூடியதை இடிக்காமல் பூங்காவாக்கினார்கள். உலையின் மேல் ஏறிப் பார்க்கலாம். பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்பு கற்றுத் தருகிறார்கள். பூங்காவுக்குள் பழைய எம்ஷர், அதாவது முகத்துவாரத்தை வடக்கே தள்ளும் முன் ஆறு ஓடிய தடம், இருக்கிறது; அதன் சாக்கடை அடியில் குழாயில் போகிறது, மேலே மழைநீர். பாதை பல இடங்களில் இறுக்கிய பொடிக்கல், மழைக்கு மறுநாள் போனால் முதுகெல்லாம் சேறு. மட்கார்டு மாட்டிக்கொண்டு போங்கள்.