தான் குண்டு போட்ட ஊருக்கே மேயராக வந்தவர் யாராவது உண்டா?

உண்டு. ஜான் வைல்டர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது இவரிடம்தான்.

இந்தியானா மாநிலத்தில் பவுண்டரி (இரும்பு வார்ப்புப் பட்டறை) நடத்திக்கொண்டிருந்தவர், போர் மூண்டதும் வடக்கின் படையில் சேர்ந்தார். அடிமை முறையை விடமாட்டோம் என்று தனி நாடாகப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களை எதிர்த்து நின்ற படை அது. 1862 செப்டம்பரில் கென்டக்கியின் மன்ஃபோர்ட்வில்லில் சுமார் 4,000 வீரர்களோடு மாட்டிக்கொண்டார். சுற்றிலும் தெற்குப் படை. ராணுவப் பள்ளியில் படித்தவர் இல்லை. சண்டை போடுவதா, சரணடைவதா என்று புரியவில்லை. வெள்ளைக் கொடியோடு எதிரித் தளபதி சைமன் பக்னரிடமே போய், என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசனை கேட்டார்! பக்னரும் அதைச் சாதகமாக்கிக்கொண்டு ஏமாற்றவில்லை. கூட்டிப்போய்த் தன் பீரங்கிகளைக் காட்டினார். வைல்டர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அப்புறம்தான் சரணடைந்தார். வீண் சாவுக்கு ஆட்களை அனுப்பாத அந்த மனசு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கைதிப் பரிமாற்றத்தில் திரும்பியதும், தன் ஆட்களைக் குதிரையில் ஏற்றி, ஏழு தோட்டா நிரப்பும் ஸ்பென்சர் துப்பாக்கிகளை வாங்கிக் கொடுத்தார்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். டென்னசி மாநிலத்தில் சட்டனூகா. 1863 ஆகஸ்ட் 21, தெற்கின் அதிபர் உண்ணாநோன்புக்கும் பிரார்த்தனைக்கும் குறித்திருந்த நாள். மக்கள் தேவாலயத்தில் இருக்கும்போது ஆற்றின் அக்கரையிலிருந்து வைல்டரின் பீரங்கிகள் வெடித்தன. அவற்றை இயக்கிய அதிகாரி ஈலை லில்லி. பிற்பாடு அதே பெயரில் மருந்து நிறுவனம் தொடங்கியவர்.

போர் முடிந்தபின் வைல்டர் அந்தப் பக்கமே திரும்பி வந்தார். படையோடு சுற்றியபோது அங்கே மண்ணுக்குள் இரும்பும் நிலக்கரியும் கிடப்பதைப் பார்த்து வைத்திருந்தார். 1867-இல் டென்னசியிலேயே ராக்வுட் என்ற இடத்தில் இரும்பு நிறுவனம் தொடங்கினார். பிறகு சட்டனூகாவில் குடியேறினார். அப்போது அது ஆறாயிரம் பேர் வாழ்ந்த சின்ன ஊர். 1871-இல் அவரே மேயர்.

எல்லோரும் மன்னித்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும், புதிதாக வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்களும் அங்கே நிறைய இருந்தார்கள்; அவர்களுக்கு வடக்குப் படைக்காரர் மேல் கோபம் இருக்கக் காரணமில்லை. ஆனாலும் வேலையும் கூலியும் கொண்டுவந்தவரை ஊர் தன்னவராக ஏற்றுக்கொண்டது உண்மை. அடுத்த ஆண்டே பதவியை விட்டுவிட்டுத் தொழிலுக்குத் திரும்பினார்.

1917-இல் ஃபுளோரிடாவில் இறந்தார். உடலைச் சட்டனூகாவுக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள்.