ஏஏசி சுவரில் கர்ட்டன் ராடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: புது ஃபிளாட்டின் ஹால் ஜன்னலுக்கு இரட்டை ராடு மாட்டினோம். இரண்டே மாதத்தில் வலது ஓர பிராக்கெட், பிளக்கோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இடது ஓரமும் ஆடுகிறது. நடு பிராக்கெட் மட்டும் அசையவே இல்லை. சுவர் ஏஏசி பிளாக்காம். இது எடை தாங்காத சுவரா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: தாங்கும். நடு பிராக்கெட் ஏன் அசையவில்லை என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். அது ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் லிண்டலில் இருக்கிறது. ஓர பிராக்கெட்டுகள் லிண்டல் முடிந்த இடத்தைத் தாண்டி, பிளாக்கில் இருக்கின்றன.

ஏஏசி (ஆட்டோகிளேவ்டு ஏரேட்டட் கான்கிரீட்) பிளாக் என்பது சிமென்ட், சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பல் கலவையில் அலுமினியப் பொடி சேர்த்துப் பொங்கவைத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்த கல். உள்ளே முழுக்கச் சிறு காற்றறைகள். கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ எடையுள்ள பிளாக்கின் அழுத்த வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு 3 முதல் 4 நியூட்டன். சாதாரண பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ ஏறும்போது விரிந்து சுவரை நெருக்கித்தான் பிடிக்கும். செங்கல்லோ கான்கிரீட்டோ அந்த நெருக்கலை எதிர்த்து நிற்கும். இங்கே காற்றறைகள் நொறுங்கி மாவாகி, பிளக்கைச் சுற்றி இடம் விட்டுவிடும்.

எடையைவிட இழுப்புதான் ஆபத்து. 6 அடி ஜன்னலுக்கு இரு மடங்கு அகலத்தில் 7 அடி உயரத் திரை, சதுர மீட்டருக்கு 300 கிராம் துணி என்றால் சுமார் 2.3 கிலோ. லைனிங், உள் மெல்லிய திரை, இரண்டு ஸ்டீல் ராடு எல்லாம் சேர்த்து 7 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஓர பிராக்கெட் ஒன்றுக்கு 2, 3 கிலோதான். ஆனால் வெளி ராடு சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி நிற்கிறது. பிராக்கெட்டின் இரண்டு ஸ்க்ரூக்களுக்கு இடையே இருப்பதோ 2 அங்குலம். நெம்புகோல் கணக்கில், மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை தொங்கும் எடையைப் போல் மூன்று மடங்கு. சிக்கிய வளையத்தை யாராவது 15 கிலோ விசையில் வெடுக்கென்று இழுத்தால், அந்த ஒரு ஸ்க்ரூவுக்கு 45 கிலோ. அதனால் அடித்தகடு நீளமான பிராக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு துளைகள் ஒட்டினாற்போல் இருக்கும் சின்னத் தகடு இந்தச் சுவருக்கு ஆகாது. துளைகளுக்கு நடுவே உள்ள கல்லும் சேர்ந்து உடையும்.

அடுத்தது நீளம். ராடுடன் தரும் ஸ்க்ரூ ஒன்றரை அங்குலம்கூட இருக்காது. சுவர்ப் பூச்சே 12 முதல் 15 மி.மீ. அந்த பிளக்கின் கணிசமான பகுதி பூச்சிலேயே போய்விடும், கல்லுக்குள் கொஞ்சம்தான் இறங்கும். அந்த பாக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் 'ஏஏசி பிளாக்குக்கான நைலான் பிளக்' என்று கேளுங்கள். உடலில் திருகு போன்ற சிறகுகள் இருக்கும். சுத்தியலால் தட்டினால் சுழன்றபடியே கல்லை வெட்டிக்கொண்டு இறங்கும். 8 மி.மீ. பிளக், 50 மி.மீ. நீளம், அதற்கு 5 மி.மீ. தடிமனில் 75 மி.மீ. நீள ஸ்க்ரூ. கணக்கு இதுதான்: தகடு 3, பூச்சு 15, பிளக் 50, பிளக்கைத் தாண்டி நுனி 5, ஆக 73. அதனால்தான் 75.

துளையிடும்போது டிரில் மெஷினில் ஹேமரை (இடித்துக்கொண்டே துளைக்கும் வசதியை) அணைத்தே ஆக வேண்டும். ஹேமர் ஓடினால் 8 மி.மீ. பிட் 11 மி.மீ. துளை போட்டுவிடும், பின்பக்கக் கல்லும் பெயரும். வெறும் சுழற்சியே போதும், பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பிட்டில் 75 மி.மீ. அளந்து டேப் சுற்றிக்கொண்டு, அதுவரை நேராக இறக்குங்கள். தூசியை ஊதி எடுத்துவிட்டு, பிளக்கின் தலை பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகும்வரை தட்டுங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால் முறுக்குங்கள். மெஷினால் முறுக்கினால் பிளக் உள்ளேயே சுழன்று, செய்த வேலையெல்லாம் வீணாகும். ஜன்னல் விளிம்பிலிருந்து 4 அங்குலமாவது தள்ளிப் போடுங்கள்.

துளைக்கும்போதே தூசியைக் கவனியுங்கள். வெண்சாம்பல் மாவு சுலபமாகக் கொட்டினால் பிளாக். பிட் வழுக்கிக்கொண்டு இறங்க மறுத்தால் லிண்டல். அங்கே மட்டும் ஹேமர் போடலாம், சாதாரண பிளக்கே போதும். பெரும்பாலும் லிண்டல் ஜன்னலைத் தாண்டி இருபுறமும் 6 அங்குலம் நீண்டிருக்கும். ராடைச் சற்றுக் குறுக்கி ஓர பிராக்கெட்டுகளையும் அதற்குள் கொண்டுவர முடியுமானால், அதைவிட நல்ல வழி இல்லை.

கேள்வி: பழைய துளை இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதே இடத்தில்தான் பிராக்கெட் வர வேண்டும். என்ன செய்யலாம்?
– வாசகர், ஓசூர்

பதில்: இன்னும் பெரிய பிளக்கைத் திணிக்காதீர்கள். எங்கள் முதல் பரிந்துரை பலகை. 19 மி.மீ. பிளைவுட்டில் 4 அங்குல அகலப் பட்டையை ராடின் முழு நீளத்துக்கும் வெட்டி, பழைய துளைகளை மூடினாற்போல் சுவரில் பொருத்துங்கள். மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, ஓரடிக்கு ஒன்று வீதம் மேலே சொன்ன பிளக்குகள். ஸ்க்ரூ மட்டும் 100 மி.மீ. நீளம். பிராக்கெட்டைப் பலகையில் மாட்டினால் இழுப்பு ஏழெட்டு இடங்களுக்குப் பிரிந்துபோகும். சுவர் நிறத்தையே பலகைக்கும் அடித்துவிட்டால் கண்ணை உறுத்தாது.

பலகை வேண்டாம் என்றால் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் ரெசின் பசை நிரப்பி மரை ராடைப் பதிக்கும் முறை. துளையின் உட்புறத்தை வாயைவிட அகலமாகக் குடைந்து, பிரஷ் போட்டுத் தூசியைத் துப்புரவாக எடுங்கள். தூசி மேல் ரெசின் ஒட்டாது. குழாயிலிருந்து முதலில் வரும் நிறம் கலக்காத ரெசினை ஒதுக்கிவிட்டு, துளையின் அடியிலிருந்து நிரப்பி, 8 மி.மீ. மரை ராடைச் சுழற்றியபடி செருகுங்கள். கோடையில் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும் என்பதால் எல்லாவற்றையும் கையருகே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பாக்கெட்டில் உள்ள நேரம் முடியும்வரை எடை ஏற்றக் கூடாது.

கேள்வி: எங்கள் ஆசாரி மரக்கட்டை அடித்து வெள்ளை சிமென்ட் பூசினால் போதும் என்கிறார். சரியா?
– வாசகி, கோவை

பதில்: செங்கல் சுவரில் காலங்காலமாகச் செய்வது. இங்கே வேண்டாம். ஆப்பாக இறங்கும் கட்டை கல்லைப் பிளக்கும். மழைக்காலத்தில் ஊறி, கோடையில் சுருங்கித் தளரும். காய்ந்த பிளாக் வெள்ளை சிமென்டின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால், அது இறுகாமல் பொடிப்பொடியாக உதிரும்.

கேள்வி: சுவரை விட்டுவிட்டு சீலிங்கிலேயே ராடைத் தொங்கவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கான்கிரீட் ஸ்லாப் என்றால் தாராளமாக. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் என்றால் போர்டில் மட்டும் மாட்டக் கூடாது. அதற்கு மேலே ஸ்லாபில் பிடித்த ஃபிரேமோ பலகையோ இருந்து, ஸ்க்ரூ அதில் ஏற வேண்டும். போர்டை மூடுவதற்கு முன்பே அந்தப் பலகையை வைக்கச் சொல்லிவிடுங்கள்.