மிதித்த பிறகு ஒரு நொடி: அந்த நொடி எங்கே போகிறது?

கேள்வி: என்னிடம் இருப்பது ஸ்போர்ட்டியான ஹேட்ச்பேக். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. நான் இரண்டாவது உரிமையாளர், வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வளைவுக்கு முன்னால் வேகம் குறைத்துவிட்டு, வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடிக்கு எதுவுமே நடப்பதில்லை. அப்புறம் திடீரென்று பாய்கிறது. எஞ்சின் விளக்கு எரியவில்லை. பெடலின் சிக்னலை மாற்றிச் சொல்லும் ‘பெடல் பாக்ஸ்’ கருவியை மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கழுவ வேண்டும் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அந்த ஒரு நொடி எங்கே தொலைகிறது என்று தெரியாமல் எதை மாட்டினாலும், எதைக் கழுவினாலும் காசுதான் போகும். கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு சின்ன ஸ்கேனரும் ஒரு மணி நேரமும் போதும்.

பழைய வண்டிகளில் ஆக்ஸிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கேபிள் இருந்தது. கால் அசைந்தால் த்ராட்டில் தகடும் அசையும். உங்கள் வண்டியில் அந்தக் கேபிள் இல்லை. பெடலின் அடியில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் இரண்டு. அவை சொல்வதைக் கணினி படித்து, த்ராட்டிலை எவ்வளவு திறப்பது, எவ்வளவு வேகமாகத் திறப்பது என்று தானே முடிவு செய்து, ஒரு சின்ன மோட்டாரை இயக்குகிறது. நீங்கள் மிதிப்பது ஒரு விண்ணப்பம் மாதிரி. எவ்வளவு சாங்ஷன் ஆகும் என்பது கணினியின் கையில்.

கணினி வேண்டுமென்றே கொஞ்சம் தாமதிக்கவும் செய்யும். காலை எடுத்திருக்கும்போது சக்கரங்கள் எஞ்சினை இழுத்துக்கொண்டிருக்கின்றன. மிதித்ததும் எஞ்சின் சக்கரங்களைத் தள்ள வேண்டும். இந்தத் திசை மாறும் கணத்தில் கியர் பற்களுக்கும் ஜாயின்ட்டுகளுக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளெல்லாம் மறுபக்கம் போய் மோதும். முழு இழுவையையும் ஒரேயடியாகக் கொடுத்தால் ‘டக்’ என்று உதறும். அதனால் முதலில் மெதுவாகக் கொடுத்து, பற்கள் பொருந்தியதும் மிச்சத்தைக் கொடுக்கும்படி தொழிற்சாலையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ இதற்குப் போகலாம். அது குறை இல்லை. முழு ஒரு நொடி போகிறது என்றால் வேறு யாரோ திருடுகிறார்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் முதலில் சந்தேகப்படுவது கியர்பாக்ஸை. டூயல் கிளட்ச் பெட்டியில் 1, 3, 5 ஒரு கிளட்சில். 2, 4, 6 இன்னொன்றில். நீங்கள் நான்காவதில் போகும்போது மூன்றையோ ஐந்தையோ அடுத்த தண்டில் தயாராக மாட்டி வைத்திருக்கும். அதற்கு மாறுவதென்றால் கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் ‘டி’ மோடு எரிபொருளை மிச்சப்படுத்தத்தான் பார்க்கும். வளைவுக்குள் ஐந்தாவதிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் பலமாக மிதித்ததும் மூன்று வேண்டும் என்று அதற்கு உறைக்கிறது. ஐந்தும் மூன்றும் ஒரே கிளட்சைச் சேர்ந்தவை. ஒன்றைக் கழற்றித்தான் மற்றொன்றை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான்கின் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். டூயல் கிளட்சுக்கு இருக்கும் அந்தப் பிரபலமான வேகமெல்லாம் இந்த இடத்தில் காணாமல் போய்விடும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் மேனுவல் மோடுக்குப் போய், மூன்றாவது கியரில் 3,000 ஆர்பிஎம்மில் நிதானமாக ஓட்டுங்கள். பிறகு காலைக் கொஞ்சம் எடுத்துவிட்டு முழுக்க மிதியுங்கள். பெடலைத் தரையோடு அழுத்தும்போது கடைசியில் ஒரு ‘கிளிக்’ தட்டுப்பட்டால் அது கிக்டவுன் சுவிட்ச். அதற்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சில வண்டிகள் மேனுவல் மோடிலும் கியரைக் குறைத்துவிடும். இப்போது பிக்கப் உடனே வந்துவிட்டதா? அப்படியானால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, தாமதம் பெரும்பாலும் கியர்பாக்ஸின் யோசனையில்தான். வந்தாலும் வராவிட்டாலும் அதே சோதனையை 1,500 ஆர்பிஎம்மிலும் செய்து பாருங்கள். 3,000-இல் சுறுசுறுப்பு, 1,500-இல் சோம்பல் என்றால் அது டர்போவின் இயல்பு. அந்தச் சுற்றில் டர்பைனைச் சுழற்றப் போதுமான புகையே எஞ்சினிலிருந்து வராது. இரண்டிலும் சோம்பல் என்றால்தான் பானெட்டைத் திறக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டி, போனில் பார்க்கும் சாதாரண ப்ளூடூத் வகையே போதும். நான்கே நான்கு அளவுகளைத் தேர்ந்தெடுங்கள்: ஆக்ஸிலேட்டர் பெடல் நிலை, த்ராட்டில் நிலை, மேனிஃபோல்ட் அழுத்தம் (த்ராட்டிலைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), ஆர்பிஎம். ஆசைப்பட்டு இருபதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் எப்போதாவதுதான் புதுப்பிக்கப்படும். நாம் தேடும் அந்த ஒரு நொடி இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுந்து மறைந்துவிடும். பதிவு செய்யும் வேலையை உடன் வருபவரிடம் கொடுங்கள். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது.

வண்டியை நிறுத்திய பிறகு நான்கு கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உங்கள் கால் எப்போது அழுந்தியது என்று பெடல் கோடு சொல்லும். அந்தக் கோடே பல்லிளித்து, ஏறும்போது இடையிடையே கீழே விழுந்து எழுந்தால் பெடல் சென்சார் தேய்ந்திருக்கிறது. பெடல் சட்டென்று ஏறி, த்ராட்டில் கோடு மட்டும் சோம்பேறித்தனமாகப் பின்னால் வந்தால், ஒன்று கணினி பிடித்துவைத்திருக்கிறது, இல்லையென்றால் த்ராட்டில் மோட்டாரில் கோளாறு. த்ராட்டிலும் உடனே திறந்துவிட்டதா? அப்போது அழுத்தக் கோட்டுக்கு வாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். த்ராட்டில் திறந்த உடனே மேனிஃபோல்ட் அழுத்தம் அந்த 100-க்குப் பக்கத்தில் தாவ வேண்டும். அதற்கு டர்போ தேவையே இல்லை. 100-க்கு மேலே ஏறுவதெல்லாம் டர்போ தள்ளும் காற்று. 100 வரை தாவிவிட்டு அங்கேயே திண்ணையில் உட்கார்ந்தமாதிரி இருந்தால் டர்போ பக்கம் தாமதம். அழுத்தம் நன்றாக ஏறியும் வண்டி கியர் மாறும்வரை காத்திருந்தால் பெட்டி. ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

இப்படி 100-இல் உட்கார்ந்துவிட்ட ஒரு வண்டி என்னிடம் வந்தது. அதற்குள் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி கழுவல் எல்லாம் முடிந்திருந்தன; அடுத்து டர்போவையே மாற்றப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் மேல்புறம் புத்தம் புதிதுபோல் இருந்தது. அடியில் விரலை ஓட்டினேன். கிளாம்புக்கு ஒரு அங்குலம் தள்ளி, கறுப்பு எண்ணெய்ப் பசையில் புழுதி அப்பியிருந்தது விரலோடு வந்தது. துடைத்துவிட்டு ஹோஸை வளைத்தால் நகத்தின் அகலத்துக்கு ஒரு கீறல். ஐடிலிங்கில் அது மூடியே இருக்கும், சத்தமும் வராது. டர்போ ஊதும்போது மட்டும் உதடு பிரிந்ததுபோல் திறந்து, சேர்த்த காற்றையெல்லாம் வெளியே விடும். டர்போ குழாய்களுக்குள் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் படலம் இருக்கும். அது எங்கே வெளியே கசிந்து புழுதியைப் பிடித்திருக்கிறதோ அங்கே தேடினால் பாதி வேலை முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளுக்கு ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். குழாயை அடைத்துப் புகை விட்டால் ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும்.

எஞ்சின் விளக்கு எரியாததை நம்பி இருந்துவிடாதீர்கள். குறை சில முறை திரும்ப வந்தால்தான் பல பிழைக் குறியீடுகளுக்கு விளக்கு எரியும். அதுவரை ‘பெண்டிங்’ என்ற பட்டியலில் காத்திருக்கும். பி0299 என்று இருந்தால் டர்போ அழுத்தம் போதவில்லை, பி2138 என்றால் பெடலின் இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

வளைவிலிருந்து வெளியே வரும்போது இந்தத் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியமான துப்பு. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மிதிக்கும்போது டேஷ்போர்டில் வண்டி சறுக்கும் படம் போட்ட மஞ்சள் விளக்கு மின்னுகிறதா? மின்னினால் டிராக்ஷன் கண்ட்ரோல் குறுக்கே வந்து இழுவையைக் குறைக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறைவு, அது எளிதில் சுழன்றுவிடும். தேய்ந்த டயர் இருந்தால் இன்னும் மோசம். இரண்டாவது, இடது கால். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒன்றாக அழுத்தினால் இப்போதைய வண்டிகளில் பெரும்பாலானவை பிரேக்குக்கு முன்னுரிமை கொடுத்து எஞ்சினை அடக்கிவிடும். இடது காலால் பிரேக் பிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பிரேக் முழுக்க விடுபடுவதற்குள் ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே அந்த ஒரு நொடி போய்விடும். பிரேக் விளக்கு சுவிட்ச் பழுதாகி, காலை எடுத்த பிறகும் ‘அழுத்தியிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். பின்னால் ஒருவரை நிற்க வைத்து, பிரேக்கை விட்டதும் விளக்கு உடனே அணைகிறதா என்று பாருங்கள்.

சிரிக்காதீர்கள், காலடியில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டையும் பார்த்துவிடுங்கள். கம்பெனி மேட்டின் மேல் இன்னொரு தடித்த ரப்பர் மேட் போட்டிருந்த வண்டி ஒன்றில், முழுக்க மிதித்தபோது ஸ்கேனர் 61 சதவீதம் காட்டியது. மேட்டை எடுத்ததும் 80. இங்கே ஒரு எச்சரிக்கை: பல வண்டிகளில் முழு மிதிக்கே 80 சொச்சம்தான் காட்டும், 100 வராது. அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். மேட்டோடும் மேட் இல்லாமலும் ஒரே எண் வருகிறதா என்பதுதான் கேள்வி.

சரி, நண்பர் சொன்ன பெடல் பாக்ஸ். அது பெடல் சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து, நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் 60 என்று மிகைப்படுத்திச் சொல்லும். அவ்வளவுதான். எஞ்சினுக்குச் சக்தி கூடாது, டர்போ முன்னதாக எழாது, கியர்பாக்ஸின் பல் வேகமாக மாறாது. பாதி மிதிக்கும் இடத்தில் முக்கால்வாசி மிதித்தால் இதே பலன் இலவசமாகக் கிடைக்கும். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எளிய வழி உண்டு: நேரான சாலையில் பெடலை முழுக்க மிதித்துப் பாருங்கள். அப்போதும் தாமதம் இருந்தால் பெடல் பாக்ஸ் உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது, ஏனென்றால் முழுதுக்கு மேல் மிகைப்படுத்த எதுவுமில்லை. மழையில், நெருக்கமான பார்க்கிங்கில், அது மாட்டிய வண்டி பெடலைத் தொட்டாலே துள்ளும் என்பது வேறு. உங்கள் வண்டியில் ஸ்போர்ட் மோடு இருந்தால் அதையே போடுங்கள். பெடலின் கணக்கோடு கியர் மாறும் கணக்கையும் சேர்த்து மாற்றுவதால் இதைவிட நல்ல பலன் தரும்.

மெக்கானிக் சொன்னது அடியோடு தவறு இல்லை. த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரி படிந்தால் ஐடிலிங் குலுங்கும், லேசாக மிதிக்கும் இடத்தில் திணறும். ஆனால் தகடு அகலத் திறக்கும்போது விளிம்புக் கரி ஒரு பொருட்டே இல்லை. ஒரு நொடித் தாமதத்துக்கு அது காரணமாக இருப்பது அரிது. எப்படியும் கழுவுவதென்றால், தகட்டை விரலால் நெம்பித் திறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. கழுவிய பிறகு ஸ்கேனரில் த்ராட்டிலை மறுபடி பழக்கும் வேலையையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஐடிலிங் தாறுமாறாக இருக்கும்.

பழைய உரிமையாளர் என்னென்ன மாற்றினார் என்று முடிந்தால் விசாரியுங்கள். பெரிய இன்டர்கூலரும் அகலமான குழாய்களும் பார்க்க அழகு. ஆனால் அவ்வளவு இடத்தையும் காற்றால் நிரப்பிய பிறகுதான் எஞ்சினுக்கு அழுத்தம் கிடைக்கும். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் இருந்தால், அதிகமாகத் தடவிய எண்ணெய் காற்றளவு சென்சாரில் படிந்திருக்கலாம். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், துணியால் தொடக் கூடாது. கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய ரசீது இல்லையென்றால் கையேட்டைப் பார்த்து மாற்றிவிடுங்கள். மிதித்தும் வண்டி இழுக்காமல் அப்படியே அடங்கிவிட்டாலோ, காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் நின்றாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றி அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்து கியர்பாக்ஸின் யோசனைதான் காரணம் என்று தெரிந்தால், ஓட்டும் முறையில் பாதித் தாமதத்தை அழித்துவிடலாம். பிரேக் பிடிக்கும்போதே ஸ்டீயரிங்கின் பின்னால் இருக்கும் கியர் பேடிலைத் தட்டி மூன்றாவதுக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில், வேகம் கூடாத அளவுக்கு, பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டே இருங்கள். கியர் பற்களின் இடைவெளி அப்போதே அடைபட்டுவிடும், டர்பைனும் முழுக்கச் சோர்ந்துபோகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை நேராக்க நேராக்க மிதியைக் கூட்டுங்கள். இதையும் செய்த பிறகு தாமதம் அப்படியே இருந்தால் அந்த நான்கு கோடுகளின் படத்தை எனக்கு அனுப்புங்கள், மூன்றாவது கியரில் 3,000-இல் எடுத்ததையும் 1,500-இல் எடுத்ததையும் தனித்தனியாக.